ஆணிக் கணக்கு

மூக்கண்டப்பள்ளியில் எனக்கு ஐந்து போர்ஷன்.
சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கிறது.
லேத் பட்டறையை மூடியபோது கைக்கு வந்த பணம்,
கௌரம்மாவின் காசுமாலை,
மீதிக்கு வங்கி.
ஐந்தாம் தேதி வாடகை வரும்,
ஏழாம் தேதி வங்கி எடுத்துக்கொள்ளும்.
நடுவில் இருக்கிற இரண்டு நாள்தான்
நான் ஹவுஸ் ஓனர்.

போர் தொள்ளாயிரம் அடி.
எட்டே மாதத்தில் குழாயின் வாயில்
வெள்ளைத் தாடி முளைத்துவிடும்.
"மாத்திக் குடுங்க" என்பார்கள்.
தண்ணீரையா, குழாயையா என்று நான் கேட்பதில்லை.
இரண்டுக்கும் காசு இல்லை.

ஒன்றாம் நம்பரில் கஞ்சம் மாவட்டத்துப் பையன்கள்.
நாலு பேர் என்றார்கள்,
வாசலில் செருப்பு பதினொரு ஜோடி.
ஷிப்ட் மாறி மாறிப் படுப்பதால்
அந்த வீட்டுப் பாய்கள் ஆறுவதே இல்லை.
இரண்டில் நர்ஸ் கிரேஸ்லின்.
ஒருநாள் தவறியதில்லை வாடகை.
அதனால்தானோ என்னவோ
அவள் வீட்டுத் தாழ்ப்பாளை மட்டும்
ஒரு வருடமாக நான் சரிசெய்யவில்லை.
நான்காம் நம்பர் இருநூறு இருநூறாக அனுப்புவார்,
ஒவ்வொரு முறையும் என் போன் 'டிங்' என்னும்,
கடனாளி இருமுவது போல.
ஐந்து, சுவர் ஓதம். விடுங்கள்.

மூன்றில் இருந்தவள் முனிலட்சுமி.
ஐந்து நாற்பது கம்பெனி பஸ்,
பனியில் தலைக்கு டவல் கட்டிக்கொண்டு
கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திப் போவாள்.
மூன்று வருடம். ஒரு பையன்.
புருஷனைப் பற்றி அவளும் சொல்லவில்லை,
அக்ரிமெண்டில் அந்தக் கட்டத்தை
நானும் நிரப்பச் சொல்லவில்லை.

காலி செய்த ஞாயிற்றுக்கிழமை
நோட்டும் டார்ச்சும் எடுத்துப் போனேன்.
சட்டைப்பையில் பழைய வெர்னியர்.
எதற்கு என்று கேட்டால் தெரியாது, கை எடுத்துவிட்டது.
சாமான் போன வீட்டில்
என் செருப்புச் சத்தம் எனக்கே வாடகை கேட்டது.

கண்ணாடிக்கு இரண்டு ஆணி, பக்கத்துப் பக்கத்தில்.
காலண்டர் தொங்கிய இடத்தில்
பெயின்ட் இன்னும் புதிதாய், ஒரு சதுரம்.
கொடி கட்ட மூலைக்கு மூலை.
முழங்கால் உயரத்தில் ஒன்று.
குனிந்து பார்த்தேன்,
புத்தகப்பையின் வார் தேய்த்த கறுப்பு.
எல்லாம் இரண்டரை மில்லிமீட்டர்,
நேராக இறங்கியவை, ஒன்றுகூட வளையவில்லை.
என் பட்டறையில் இருந்திருந்தால்
வேலைக்குச் சேர்த்திருப்பேன்.

"பதினேழு" என்றேன்.
ஆணி அடிக்கக் கூடாது என்பது ஆறாவது கண்டிஷன்,
மீறினால் ஒன்றுக்கு ஐம்பது.
ஜூஜுவாடியில் நான் குடியிருந்தபோது
எங்கள் ஓனர் இருபது பிடித்தார்.
விலைவாசி ஏறியிருக்கிறது.

அவள் சண்டை போடவில்லை.
மினி லாரியில் ஏறப் போனவள் திரும்பி,
"பதினெட்டு சார்.
வெளிய நிலைக்கு மேல ஒண்ணு இருக்கு,
நீங்க பாக்கல" என்றாள்.
தெலுங்கில் பையனிடம் ஏதோ சொன்னாள்.
அவன் சாவியைக் கொண்டுவந்து
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஓடினான்.

எண்ணூற்றைம்பதை அடித்து
தொள்ளாயிரம் என்று எழுதினேன்.
எழுதினேன்தான். மறைப்பானேன்?
கௌரம்மா கணக்கைப் பார்த்துவிட்டு
அன்று ராத்திரி களியை மட்டும் வைத்தாள்,
குழம்பை நானே போய் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் 'வீடு வாடகைக்கு' பலகையை எடுத்துக்கொண்டு
சுத்தியலைத் தேடினேன். கிடைக்கவில்லை.
நிலைக்கு மேல் கையை விட்டுத் தடவினால்
அந்தப் பதினெட்டாவது,
சரியான உயரத்தில்,
பலகை ஆடாமல் உட்கார்ந்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்காது, போன்.
தெரியாத நம்பர், பின்னால் மெஷின் சத்தம்.
"காலி ஹை?" என்றது குரல்.
எனக்குத் தமிழ், தெலுங்கு, கொஞ்சம் கன்னடம்.
அவனுக்கு அது எதுவும் கிடையாது.
ஆனால் அந்த ஒரு சொல்
இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"காலி" என்றேன்.